யாரு கெடுத்தா?

குறிஞ்சித் திணைப் பாடல்களில் ஒரு தாய் அடிக்கடி வருகிறாள். அவள் மகள் நாளுக்கு நாள் மெலிகிறாள், கைவளை கழன்று விழுகிறது, எதைக் கேட்டாலும் சரியாகப் பதில் சொல்வதில்லை. காரணம் புரியாத தாய் கட்டுவிச்சியை அழைத்து, முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். முருகு அணங்கிவிட்டது என்று விடை வருகிறது. முருகனின் பூசாரியான வேலன் வருகிறான். களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, இரவெல்லாம் வெறியாடுகிறான். நோய் தீரவில்லை. அது நோயே இல்லை, மலைநாட்டவன் ஒருவன் மேல் கொண்ட காதல் என்பது மகளுக்கும் தோழிக்கும் தெரியும். அகநானூற்றிலும் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. காதலை நோயென்று எடுத்துக்கொண்டு பரிகாரம் தேடி அலையும் வீட்டைத் தமிழ்க் கவிதை வெகுகாலமாக அறிந்திருக்கிறது.

அந்தக் குறிஞ்சி நிலத்தின் கண்ணெதிர் உருவம் குற்றாலம். பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையை வைத்துத்தான் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். உலாவந்த குற்றாலநாதர் மேல் மையல் கொண்டு வாடும் வசந்தவல்லிக்குக் குறத்தி சிங்கி கைபார்த்துக் குறி சொல்கிறாள். கட்டுவிச்சி தவறவிட்ட உண்மையைச் சிங்கி சரியாகச் சொல்லிவிடுகிறாள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இவையெல்லாம் ஆணும் பெண்ணும் கொள்ளும் காதலைப் பற்றிய பாடல்கள். அவற்றுக்குள் வேறொன்றைத் தேடிப் படிக்க நான் முனையவில்லை. அந்தத் தாயின் பதற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது இன்னும் நம்மோடு இருப்பதால்.

தன் மகன் ஓர் ஆணையோ, தன் மகள் ஒரு பெண்ணையோ நேசிப்பது தெரியவரும் வீடு, தென்காசியில் இருந்தாலும் செங்கோட்டையில் இருந்தாலும், முதலில் கேட்பது ‘யாரு கெடுத்தா?’ என்றுதான். சேர்க்கை சரியில்லை. ஹாஸ்டல்ல விட்டதுதான் தப்பு. பெத்தவ குடுத்த செல்லம். அப்பன் துபாய்ல இருந்தா பிள்ளை எப்படி வளரும். போன் வாங்கிக் குடுத்ததோட வினை. யாரோ செய்வினை வச்சுட்டாங்க. பழி விழுந்த கையோடு பரிகாரமும் தொடங்கிவிடுகிறது. கோடாங்கியிடம் குறி, கோவிலில் நேர்ச்சை, பிரார்த்தனைக் கூட்டம், மந்திரித்த கயிறு, அதன்பின் ஏதாவது ஒரு கிளினிக். இவை எதுவும் பலிக்காவிட்டால் கடைசி மருந்து, ‘ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்.’ அருவித் தண்ணீர் தலையில் இறங்கினால் சித்தம் தெளியும் என்று நம்பி மனநலம் குன்றியவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து குளிப்பாட்டுகிற வழக்கம் பழையது. எதையும் கழுவிக் கரைத்துவிடலாம் என்ற அந்த நம்பிக்கையின் நீட்சியாகவே காதலுக்குப் பார்க்கப்படும் வைத்தியங்களும் தோன்றுகின்றன.

பாலியல் ஈர்ப்பு பிறவியில் வருவதா, ஒருவர் தேர்ந்தெடுப்பதா, சூழல் உண்டாக்குவதா என்று ஆய்வாளர்கள் நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள். நம் வீடுகளில் அதே கேள்வி குற்றவாளியைத் தேடும் கேள்வியாகக் கேட்கப்படுகிறது. வீடு யார் யார் மேல் பழி போடுகிறதோ அவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஹாஸ்டல். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். தலைமுறை தலைமுறையாகத் தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் பிள்ளைகள் பாளையங்கோட்டை விடுதிகளில் தங்கிப் படித்திருக்கிறார்கள். ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று அடைத்து வைக்கும் இடத்தில் தன்பாலீர்ப்பு ‘ஒட்டிக்கொள்ளும்’ என்ற அச்சம் அன்றுமுதல் உண்டு. விடுதிப் பள்ளி மரபு மிக வலுவான பிரிட்டனில் 1990, 1991 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 19 ஆயிரம் பேரிடம் பாலியல் வாழ்க்கை பற்றிய தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. விடுதிப் பள்ளியில் படித்தவர்களிடம் இளமையில் தன்பால் அனுபவம் ஓரளவு கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் வளர்ந்த பிறகான வாழ்க்கையைப் பார்த்தால், விடுதியில் படித்தவர்களுக்கும் வீட்டிலிருந்து பள்ளி போனவர்களுக்கும் அந்த வேறுபாடு இல்லை. பதின்வயதில் வாய்ப்பு அமைந்ததால் நடந்தது வேறு, ஒருவரது மனம் ஆயுளுக்கும் யாரை நாடுகிறது என்பது வேறு. விடுதி முன்னதைக் கொஞ்சம் மாற்றுகிறது, பின்னதைத் தொடவில்லை.

அடுத்தது தாய். எங்கும் அதிகமாகப் பழி சுமப்பவள் அவள்தான். இந்தப் பழிக்கு மருத்துவ முத்திரை குத்தியது அமெரிக்க உளப்பகுப்பாய்வு. இர்விங் பீபர் தலைமையிலான குழு 1962இல் வெளியிட்ட நூல், மகனை இறுகப் பிடித்துக்கொள்ளும் தாயும் எட்ட நிற்கும் தந்தையும் சேர்ந்தே தன்பாலீர்ப்புள்ள ஆணை உருவாக்குகிறார்கள் என்றது. அவர்கள் பார்த்த தன்பாலீர்ப்புள்ள 106 ஆண்களும் மனநல சிகிச்சைக்கு வந்தவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஊரின் உடல்நலத்தை அளந்த ஆய்வு அது. கின்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஏறத்தாழ 1,500 பேரை நேர்கண்டு 1981இல் வெளியிட்ட முடிவுகளில், பெற்றோர் வளர்ப்புக்கும் பிள்ளையின் ஈர்ப்புக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு தென்படவில்லை. தந்தை எட்ட நின்ற வீடுகளிலும் நடந்தது பல நேரம் தலைகீழாக இருக்கலாம். பம்பரம், கிரிக்கெட் பக்கம் போகாத, மென்மையான மகனைக் கண்டு தந்தைதான் முகம் திருப்பிக்கொள்கிறார். அந்த விலகலைக் காரணம் என்று எழுதிவிட்டார்கள்.

வளர்ப்பின் வலிமையைச் சோதிக்க இதைவிடக் கடுமையான சான்று ஒன்று உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பிறவிக் குறைபாட்டாலோ அறுவைச் சிகிச்சையில் நேர்ந்த விபத்தாலோ ஆணுறுப்பை இழந்த சில ஆண் குழந்தைகளை, சென்ற நூற்றாண்டின் மருத்துவர்கள் பெண்ணாக மாற்றிப் பெண்ணாகவே வளர்க்கச் சொன்னார்கள். பெற்றோரும் பெண்பிள்ளை என்றே நம்பவைத்து வளர்த்தார்கள். இவர்களில் வளர்ந்தபின் ஈர்ப்பு பதிவாகியிருந்த ஏழு பேரைப் பற்றிய செய்திகளை மைக்கேல் பெய்லியும் சக ஆய்வாளர்களும் 2016இல் தொகுத்தார்கள். ஏழு பேருக்கும் முதன்மையாகப் பெண்கள் மேல்தான் நாட்டம் இருந்தது. பாவாடை கட்டி, பெயர் வைத்து, சடங்கு செய்து, வீடு முழுவதும் சேர்ந்து முயன்றும் ஈர்ப்பைத் திருப்ப முடியவில்லை என்றால், ஒரு தாயின் செல்லத்துக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வரும்? எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் வளர்ப்பே எல்லாம் என்ற கொள்கை இங்கே நிற்க முடியாமல் போகிறது.

சிறுவயதில் நேர்ந்த பாலியல் வன்முறையைக் காரணம் சொல்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். சில ஆய்வுகளில் இரண்டுக்கும் தொடர்பு தென்படுகிறது. எது முன்னால் வந்தது என்பதை அவை சொல்வதில்லை. மற்றப் பிள்ளைகளிலிருந்து வேறுபட்டுத் தெரியும் பையனைத்தான் வேட்டையாடுபவன் எளிதில் குறிவைக்கிறான். வன்முறைக்கு ஆளான பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எதிர்பாலினத்தவரையே நாடுபவர்களாக வளர்கிறார்கள். குழந்தைக்கு நேர்ந்தது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டு பிள்ளையின் பக்கம் நிற்பதை விட்டு, ‘இதனால்தான் இப்படி ஆனான்’ என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது அவனை இரண்டாம் முறை தனியே விடுவதாகும்.

போனும் மேல்நாடும் கெடுத்தன என்ற வாதத்தில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. சுசுருத சங்கிதையின் உடற்பகுதி, வழக்கத்துக்கு மாறான பாலியல் இயல்புள்ள ஆண்களைப் பல வகையாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றுக்குப் பெற்றோரின் வித்துக் குறைவைக் காரணம் காட்டுகிறது. திருமூலர், கருத்தரிக்கும் நேரத்தில் மூச்சு வலப்புறம் ஓடினால் ஆண், இடப்புறமானால் பெண், இரண்டும் ஒத்தால் அலி என்கிறார். இந்த விளக்கங்கள் இன்று செல்லாது. திருமூலர் பேசுவது ஈர்ப்பைப் பற்றியும் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட மனிதர்கள் இந்த மண்ணில் எப்போதும் இருந்தார்கள் என்பதும், காரணத்தைக் கருவறைக்குள் தேடும் வழக்கம் நமக்குப் பழையது என்பதும் இவற்றால் தெரிகிறது. கடல் தாண்டி வந்தது தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு. மெக்காலே வரைந்து, 1860இல் இயற்றப்பட்டு, 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தோடு அது வந்தது.

சரி, கருவறைக்குள் இன்றைய அறிவியல் எதைக் கண்டது? இரட்டையர் ஆய்விலிருந்து தொடங்குவது நல்லது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரின் மரபணுக்கள் ஒன்றே. இரு கருமுட்டைகளிலிருந்து பிறந்தவர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போலப் பாதியைப் பகிர்கிறார்கள். பெய்லியும் பில்லார்டும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தன்பாலீர்ப்புள்ள ஆணின் ஒருகரு இரட்டையரில் 52 விழுக்காட்டினரும், இருகரு இரட்டையரில் 22 விழுக்காட்டினரும், தத்துச் சகோதரர்களில் 11 விழுக்காட்டினரும் அவரைப் போலவே இருந்தனர். அந்த ஆய்வுக்கு ஆட்களைத் தேடியது தன்பாலீர்ப்பாளர் இதழ்களின் விளம்பரங்கள் வழியாக. அப்படித் தேடினால் ஒத்திருக்கும் இரட்டையர்களே கூடுதலாக வருவார்கள். ஆஸ்திரேலிய இரட்டையர் பதிவேட்டை வைத்து 2000இல் வந்த ஆய்வில் ஒருகரு இரட்டையரின் ஒற்றுமை ஆண்களில் 20, பெண்களில் 24 விழுக்காடாக இறங்கியது. மரபணு மட்டுமே முடிவு செய்வதாயிருந்தால் அது நூறாக இருந்திருக்க வேண்டும். மரபணுவுக்குப் பங்கே இல்லையென்றால் ஒருகரு இரட்டையருக்கும் இருகரு இரட்டையருக்கும் வேறுபாடு இருந்திருக்கக் கூடாது.

2010இல் வந்த ஸ்வீடன் ஆய்வு 3,826 இரட்டையர் இணைகளைப் பார்த்தது. ஆண்களிடையே காணப்படும் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மரபணுவால் விளக்கப்பட்டது. பெண்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி முழுவதும் ‘சூழல்’ என்று ஆய்வில் எழுதப்படுகிறது. இந்த இடத்தில்தான் செய்தித்தாள் வாசகர் தடுமாறுகிறார். மரபியலில் சூழல் என்றால் மரபணு அல்லாத அனைத்தும். கருப்பையின் ஹார்மோன், கருவில் இருக்கும் இடம், நஞ்சுக்கொடி, மூளை வளரும்போது தற்செயலாக நேரும் வேறுபாடுகள், எல்லாமே அதில் அடக்கம். வீடும் வளர்ப்பும் அதில் ஒரு பகுதி, அதற்கெனத் தனிக் கணக்கு உண்டு. இரட்டையர் இருவரும் பகிர்ந்துகொண்ட குடும்பச் சூழலின் பங்கு ஆண்களுக்குப் பூஜ்யமாக வந்தது. பெண்களுக்கு ஆறில் ஒரு பங்கு. ‘பெரும்பகுதி சூழல்தான்’ என்ற தலைப்பைப் படித்துவிட்டு அம்மாவைத் திட்டப் புறப்படுபவர் இந்தப் பூஜ்யத்தைப் படிப்பதில்லை.

மரபணுவுக்குள் எங்கே என்று கேட்டால் விடை சிதறிக் கிடக்கிறது. டீன் ஹேமர் 1993இல் 40 சகோதர இணைகளில் 33 இணைகள் எக்ஸ் குரோமோசோமின் ஒரு பகுதியைப் பகிர்வதாகச் சொன்னபோது ‘அந்த மரபணு’ கிடைத்துவிட்டதாக உலகம் ஆரவாரித்தது. ஏறத்தாழ 4 லட்சத்து 77 ஆயிரம் பேரின் மரபணுத் தரவை ஆராய்ந்து ஆண்ட்ரியா கன்னாவும் குழுவினரும் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த ஆரவாரத்தை அடக்கியது. தனியொரு மரபணு கிடையாது. தெளிவாகத் தென்பட்ட இடங்கள் ஐந்து, அவற்றின் விளைவும் மிகச் சிறிது. எண்ணற்ற சிறு வேறுபாடுகள் சேர்ந்து 8 முதல் 25 விழுக்காடுவரை விளக்கலாம். ஒருவரது ரத்தத்தைச் சோதித்து அவர் யாரை நாடுவார் என்று சொல்லவே முடியாது. அந்தத் தரவு ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதையும், அது கேட்டது ‘ஒருமுறையேனும் உறவு கொண்டதுண்டா’ என்பதைத்தான், உள்ளத்தின் நாட்டத்தை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது அண்ணன்மார் கணக்கு. ரே பிளாஞ்சார்டும் அந்தோனி போகார்ட்டும் 1990களில் கண்டது இது. ஒரு பையனுக்கு ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன்கள் எத்தனை பேரோ, ஒவ்வொருவருக்கும் அவன் தன்பாலீர்ப்புள்ளவனாக இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அக்காக்களால் இந்த விளைவு இல்லை. சிற்றன்னையின் பிள்ளைகளோடும் தத்து அண்ணன்களோடும் ஒரே வீட்டில் வளர்ந்தாலும் இல்லை. வேறு வேறு வீடுகளில் வளர்ந்தாலும் ஒரே வயிற்று அண்ணன்கள் கணக்கில் வருகிறார்கள் என்று போகார்ட் 2006இல் காட்டினார். ஆகவே இது வீட்டின் விளைவாக இருக்க முடியாது, கருப்பையின் விளைவாகத்தான் இருக்கும். ஆண் கருவின் ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் அடுத்தடுத்த ஆண் கருக்களைத் தொடுகின்றன என்ற விளக்கத்துக்கு 2017இல் ஆய்வகச் சான்றும் கிடைத்தது. ஆனால் அடிப்படை வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டால், நான்கு அண்ணன்களுக்குப் பின் பிறந்தவனுக்கும் அது ஆறேழைத் தாண்டாது. ஐந்தாவது பையனைப் பார்த்து யாரும் எதையும் முடிவுகட்ட முடியாது. பெண்களுக்கு இதற்கு இணையான தெளிவான கண்டுபிடிப்பு இல்லை. இந்தத் துறையின் பெரும்பகுதி ஆண்களைப் பற்றியே எழுதப்பட்டிருக்கிறது என்பது அதன் பெரிய குறை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து என் முடிவைச் சொல்கிறேன். ஈர்ப்புக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மரபணுவும் கருப்பையும் சேர்ந்து பிறப்புக்கு முன்பே அடித்தளம் போடுகின்றன என்பதற்கு, குறிப்பாக ஆண்களிடம், சான்று வலுவாக இருக்கிறது. பிறந்தபின் நடப்பவற்றில் வளர்ப்போ விடுதியோ நட்போ ஈர்ப்பை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று மிக மெலிது.

தேர்வு என்ற சொல் இங்கே எதற்குப் பொருந்தும்? ஈர்ப்பு, நடத்தை, அடையாளம் மூன்றையும் பிரித்தால் தெளிவு வரும். யாரைப் பார்த்து மனம் அதிர்கிறது என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த மனத்தை வைத்துக்கொண்டு வாழ்வதா, மறைப்பதா, ஊரைவிட்டுப் போவதா, யாரிடம் சொல்வது என்பவை தேர்வுகள். அதிலும் தென்காசி போன்ற ஊரில் வாழும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தேர்வு எவ்வளவு ஒடுங்கியது! உளவியலாளர் லிசா டயமண்ட் 79 பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் எழுதிய நூல், சிலரது ஈர்ப்பு காலப்போக்கில் நெகிழ்ந்து மாறுவதைக் காட்டியது. ‘பார்த்தீர்களா, மாறுகிறதே’ என்று மருந்துக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தன் ஆய்வை அப்படிப் பயன்படுத்துவதை டயமண்டே வெளிப்படையாக எதிர்த்தார். தானாக மாறுவதை ஒருவர் விரும்பி மாற்றிக்கொண்டதாகவோ, பிறர் மாற்றிவிட முடியும் என்றோ சொல்ல முடியாது.

மாற்றிக் காட்டுகிறோம் என்றவர்களின் வரலாறு இருண்டது. மின் அதிர்ச்சி, வாந்தி மருந்து, மனவசியம், ஹார்மோன். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கை 1952இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் சிறைக்கும் ஹார்மோன் ஊசிக்கும் நடுவே நிறுத்தியது. ஊசியை ஏற்றுக்கொண்ட அவர் 1954இல் இறந்தார். தன்பாலீர்ப்பு நோயல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் முடிவெடுக்கப் பெரும் பங்காற்றிய ராபர்ட் ஸ்பிட்சரே, 2001இல் சிலர் மாறக்கூடும் என்று ஓர் ஆய்வை முன்வைத்தார். மாறியதாக அவர்களே தொலைபேசியில் சொன்னதைத் தவிர அதற்கு ஆதாரமில்லை. 2012இல், வாழ்வின் இறுதிக்காலத்தில், அந்த ஆய்வு தவறானது என்று சொல்லி, அதை நம்பிச் சிகிச்சையில் காலத்தைத் தொலைத்தவர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோயல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது.

கால்கட்டு இந்த வைத்தியங்களிலேயே கொடியது, ஏனென்றால் அதில் நோயாளி அல்லாத இன்னொருவரும் மருந்தாக்கப்படுகிறார். தன்னை ஏன் கணவன் தொடுவதில்லை என்று புரியாமல், தன் நிறத்தையும் உடம்பையும் குறைசொல்லிக்கொண்டு, குழந்தை இல்லையே என்று மாமியாரிடம் ஏச்சு வாங்கும் பெண்ணை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு முதலிரவு என்பது என்னவாக இருக்கும் என்பதையும் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் நீதிமன்றங்களில் வந்த வழக்குகளைப் படித்தால் வெறியாட்டு முடியவில்லை என்பது விளங்கும். 2021இல் மதுரையைச் சேர்ந்த, ஒருவரையொருவர் நேசித்த இரு இளம்பெண்கள் சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடினார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். வழக்கை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பியதோடு நிற்கவில்லை. இந்தப் பொருளில் தனக்கும் தெளிவு போதாது என்று ஆணையிலேயே எழுதி, தானும் அந்த ஆலோசகரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த ஆணை, பாலியல் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்து மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. அதே ஆணையம் 2024இல் வெளியிட்ட எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் பெண்களின் தன்பால் உறவை இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் மீண்டும் சேர்த்தது. எதிர்ப்பு எழுந்தபின் செப்டம்பர் தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெற்றது. இரண்டு ஆண்டுகளில் இப்படிப் பின்வாங்கக்கூடிய அறிவை வைத்துக்கொண்டுதான் நம் மருத்துவ மாணவர்கள் படித்து வெளியே வருகிறார்கள்.

தென்காசியிலிருந்து செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் கேரளம். அங்கே தன் ஈர்ப்பை வீட்டில் சொன்ன 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் போதை மறுவாழ்வு மையங்களில் அடைக்கப்பட்டார். மருந்துகளால் மந்தமாக்கப்பட்டதை முகநூல் காணொளியில் அவரே சொன்னார். 2020 மே மாதம் கோவாவில் அவர் உயிர் போயிற்று. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு. வேலூர் மாவட்டம் குடியாத்தம் பகுதியில் பெற்றோர் வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண்ணை மீட்கக் கோரி அவர் தோழி தொடுத்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணிடம் தனியே பேசினார்கள். தன்னை அடித்ததாகவும், ‘சரியாக’ வேண்டுமென்று சடங்குகள் செய்ய வைத்ததாகவும் அவர் சொன்னார். தாயோ மகளைத் தோழிதான் கெடுத்துவிட்டாள் என்றார். அந்த வீட்டிலும் காரணம் ஒரு குற்றவாளியின் முகத்தோடுதான் தேடப்பட்டது. விரும்பியவரோடு போக அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்த நீதிபதிகள், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றனர்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு 2008இலேயே திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்த மாநிலம். கூத்தாண்டவர் திருவிழாவும் எல்லோரும் அறிந்தது. அதனாலேயே சிற்றூர்களில் ஆணை நேசிக்கும் ஆண் என்றால் திருநங்கை என்றே புரிந்துகொள்கிறார்கள். தான் யார் என்பது பாலின அடையாளம், தான் யாரை நாடுகிறேன் என்பது ஈர்ப்பு. தன்னை ஆணாகவே உணர்ந்து இன்னோர் ஆணை நேசிப்பவனுக்குச் சொந்த ஊரில் பெயரில்லை, இடமில்லை. ரயிலேறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறான்.

‘பிறவியிலேயே இப்படித்தான், ஆகவே ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற வாதம் பெற்றோரின் குற்ற உணர்வைத் தணிக்க உதவுகிறது. அந்த அளவில் அதை மதிக்கிறேன். உரிமைக்கு அதுவே அடிப்படை என்று சொல்லும்போது நான் பின்வாங்குகிறேன், அதற்குக் காரணங்கள் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. பெண்ணாகப் பிறப்பது பிறவி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தப் பிறவி நம் பெண்சிசுக்களைக் காப்பாற்றவில்லை. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டமும், 1994இல் கருவின் பாலினத்தைக் கண்டறியத் தடைச்சட்டமும் தேவைப்பட்டன. நாளை ஈர்ப்பையும் கருவிலேயே ஊகிக்க முடியும் என்று யாராவது பொய்யாகவேனும் விளம்பரம் செய்தால், அந்தச் சோதனைக்கு வரிசை நிற்காது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தன்பாலீர்ப்பு இயற்கையானது என்று அறிவியலால் நிறுவி உரிமை பெறலாம் என்று ஆயுள் முழுதும் நம்பிய ஜெர்மானிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பெர்லின் நிறுவனத்தை 1933 மே மாதம் நாஜிகள் சூறையாடி நூல்களை எரித்தார்கள். இயற்கையானது என்ற வாதம் அவர்களைத் தடுக்கவில்லை.

தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரம் இருக்கிறது. 1981 பிப்ரவரியில் அவ்வூரின் தலித் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே திரும்பிப் பார்த்தது. சாதி அவர்களுக்குப் பிறவியில் வந்தது, மாற்ற முடியாதது என்று ஊரே சொன்னது, அதைச் சொல்லித்தான் அவர்களைத் தாழ்த்தியது. மதமோ அவர்களே தேர்ந்தெடுத்தது. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு காக்கும் மனச்சான்றுச் சுதந்திரம் அந்தத் தேர்வுக்கும் உரியது, தேர்வு என்பதால் அது ஒரு துளியும் குறையவில்லை. பிறவி என்ற சொல் யாருக்கும் தானாகக் கண்ணியம் தந்துவிடாது என்பதைத் தென்காசி வட்டாரத்துக்கு வெளியார் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயது வந்தோரின் ஒப்புதல் உறவை 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் விடுவித்தபோதும், ஈர்ப்பு இயல்பானது என்பதோடு, தனிமனித அந்தரங்கம், கண்ணியம், சமத்துவம் ஆகியவற்றின் மேலும் அந்தத் தீர்ப்பு நின்றது.

அப்படியானால் காரணத்தை ஆராய்வதே வீணா? வீணில்லை. அண்ணன்மார் கணக்கும் இரட்டையர் ஆய்வும் உரிமை தரமாட்டா, ஆனால் ஒரு தாயின் தலையிலிருந்து பழியை இறக்கி வைக்கும். பழி இறங்கினால் பரிகாரம் தேடும் வேகம் குறையும். அந்த இடைவெளியில் பிள்ளை பேசுவதைக் கேட்கக் காது திறக்கும். இதற்காகத்தான் இந்த எண்களையெல்லாம் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணும் நாடு முழுவதற்கும் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோர் எதிரில் இருப்பவரிடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: ‘நீங்க இதை மாத்துவீங்களா?’ மாற்றுவேன் என்று ஒரு பதிவுபெற்ற மருத்துவர் சொன்னால், அவர் தன் தொழில் விதியை மீறுகிறார், மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டமும், சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளுக்கு ஒத்துவராததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. ஆனால் ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டியவரும், மறுவாழ்வு மையம் நடத்துபவரும், கோடாங்கியும், கைவைத்து ஜெபிப்பவரும் மருத்துவக் கவுன்சிலின் எல்லைக்குள் வருவதில்லை. வீட்டார் முதலில் போவது அவர்களிடம்தான். அவர்களையும் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் வரும்வரை, உள்ளே அடைக்கப்பட்ட ஒவ்வொரு மகளுக்கும் வெளியே ஒரு தோழி நின்று ஆட்கொணர்வு மனு எழுத வேண்டியிருக்கும்.